ஒட்டீலியா குவித்த மணல் மேடு

"அவர் காலத்துல" என்று ஒட்டீலியா வாயெடுத்தால் போதும், லாட்வியாவின் செம்கலே பக்கத்து ஜனமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும். அவர் என்றால் ரஷ்யர்கள் வருமுன் நாட்டை ஆண்ட தலைவர். அவர் காலத்தில் வெண்ணெய் வெண்ணெயாக இருந்தது. லண்டன்காரன் லாட்விய வெண்ணெய்க்கு நாக்கைத் தொங்கப்போட்டான். அறுவடைத் திருவிழாவில் அவள் தானே சுட்ட கறுப்பு ரொட்டியைத் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் பிய்த்துத் தின்றுவிட்டு, "உன் பசு பேர் என்னம்மா?" என்று கேட்டார். நாட்டையே ஆளுகிறவர் கேட்கிற கேள்வியா அது! அந்தப் பூரிப்பு அவளுக்கு ஆயுசுக்கும் தீரவில்லை.

அன்றைக்கு அவளுக்கு நிச்சயமாகியிருந்த ஏவால்ட்ஸ் அதே தலைவரின் சிறையில் கிடந்தான். அவர் நாடாளுமன்றத்தைப் பூட்டியதைக் கண்டித்து நோட்டீஸ் அச்சடித்துவிட்டான், வேறென்ன! வெளியே வந்து அவளைக் கட்டிக்கொண்ட பிறகும் பால் கறக்கும் நேரத்தில் சீண்டுவான்.

"பசு பேரைக் கேட்டாரே உன் தலைவர், என் பேரைக் கேட்டாரா?"

அவள் சிரிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும். பிறகு ரஷ்யர்கள் வந்தார்கள். தலைவரையும் கொண்டுபோனார்கள், ஏவால்ட்ஸையும் கொண்டுபோனார்கள். இருவரையும் எந்த மண்ணில் புதைத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாது.

கோடையில் கல்லறைத் திருநாள் வரும். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறை மேட்டுக்கு வெள்ளை மணல் கொட்டி, காலடி தெரியாமல் பின்னோக்கி நடந்தபடியே முள்வாரியால் வாரிவிடும். ஒட்டீலியாவுக்கு வாரிவிட ஒரு மேடில்லை. அடுத்தவர் மேட்டை வாரிக்கொடுத்தே கிழவியாகிப்போனாள்.

ரஷ்யர் பிடி தளர்ந்த வருஷம், ஊர்க்குழு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தலைவருக்கு ஒரு நினைவுக் கல் நட்டது. குழுத் தலைவர் டாலிவால்டிஸ் வீடு தேடி வந்தார்.

"அவரைக் கண்ணால பாத்தவங்கள்ல மிச்சம் நீங்க ஒருத்தர்தாம்மா. திருநாளன்னிக்கு நீங்கதான் பேசணும்."

விஷயம் ஏவால்ட்ஸின் தங்கை வாலியா காதுக்கு எட்டியது. ஒட்டீலியாவுக்கு உறவென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

"அண்ணி, அந்த ஆளைப் புகழ்ந்துட்டு என் வாசப்படி மிதிக்காதீங்க. எங்கண்ணனுக்கு ஒரு கல்லுண்டா?"

ஒட்டீலியா அன்றிரவு தூங்கவில்லை. ஆனாலும் திருநாளன்று போய்க் கல் முன்னால் நின்று பேசினாள்.

"என் ரொட்டியைத் தின்னாரு. பசு பேரைக் கேட்டாரு. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அப்புறம் வந்ததே இல்ல. அன்னிக்கு என் ஏவால்ட்ஸை ஜெயில்ல வெச்சிருந்ததும் அவருதான். ரெண்டுல ஒண்ணை மறைக்கச் சொன்னா என்னால ஆகாது."

அவள் குனிந்து, கல்லை ஒட்டி இரண்டு கையாலும் மணலைக் குவித்தாள்.

"அய்யோ, அது பூச்செடி வைக்கிற இடம்மா!" என்று பதறினார் டாலிவால்டிஸ்.

"இனிமே என் புருஷன் இடம்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வாலியா பாய்ந்து வந்தாள். "போயும் போயும் அந்த ஆள் பக்கத்துலயா அண்ணி?"

"ஆமாடி. ரெண்டு பேருக்கும் போக்கிடம் இல்ல. இங்கயாவது நேருக்கு நேர் சண்டை போட்டுக்கட்டும்."

வாலியாவும் சட்டென்று மண்டியிட்டாள்.

"அப்போ இந்த மணல் பத்தாது அண்ணி" என்றாள் அழுதுகொண்டே. "எங்கண்ணன் மேடு அந்தக் கல்லைவிட ஒரு பிடியாவது உசரமா இருக்கணும்."