நாம, நாங்க

அவளை வெளியே அனுப்பியது நீங்கள்தான் சார். நானும்தான். ஆனால் முதலில் நீங்கள்.

புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் இன்குபேஷன் சென்டருக்கு நீங்கள் மேனேஜர். என்னிடம் கிணற்று மோட்டாரைச் செல்போன் மூலமே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி இருந்தது. கடத்தூர்க்காரியான அவளிடம், படிக்கத் தெரியாதவர்களுக்கும் பேசிச் சொல்லும் ஆப் இருந்தது. தனித்தனியாக இரண்டும் விற்காது என்று எங்களை ஒரே மேஜையில் உட்காரவைத்தீர்கள். நல்ல காரியம், இல்லையென்று சொல்லமாட்டேன். "இங்க 'நான்' கெடையாது, 'நாம'தான்" என்றீர்கள். வாய்தவறி 'நான்' என்றவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். அதிகம் வாங்கியது நான்தான்.

கம்பைநல்லூரில் ஒரு தோட்டத்தில் முதன்முதலாக மாட்டினோம். கரண்ட் வந்ததும் போனில் அவள் பதிந்து வைத்திருந்த குரல், "மோட்டார் ஓடுதுங்க" என்றது. தோட்டக்காரர் போனைப் பார்த்து, "சரிங்கம்மா" என்றார். நாங்கள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தோம்.

பிறகு முதலீட்டாளர்கள் வந்த நாள். மேடை ஏறும் முன் என் காதில் சொன்னீர்கள்: "ரெண்டு பேர் பேசுனா கொழப்பம். நீ மட்டும் பேசு. கம்பெனியும் உன் பேர்லயே இருக்கட்டும். அந்தப் பொண்ணு கல்யாணமாகிப் போயிரும்."

தலையாட்டினேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. "நாங்க செஞ்சோம், நாங்க சோதிச்சோம்" என்று மேடையில் முழங்கினேன். அவள் கீழே, கேட்கிறவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே டீக்கடையில் பிடித்துக்கொண்டாள்.

"மேடையில ஒத்த ஆளு. நாங்கன்னா யாருங்கண்ணா? நீங்களும் உங்க பொட்டியுமா?"

"வாய்ல வந்துருச்சும்மா."

"நாமன்னு வந்திருந்தா நானும் உள்ள இருந்திருப்பேன். இது 'நான்'தானுங்க. டீ வாங்குங்கண்ணா."

வாங்கினேன். குடித்தாள். மறுநாள் முதல் அவள் நாற்காலி காலி.

கம்பெனி என் பெயரில் ஓடுகிறது. பெட்டி மாட்டும் தோட்டத்தில் எல்லாம் இன்னும் அவள் குரல்தான். அதைக் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிவதில்லை. பாதிப் பங்கை எழுதித் தருகிறேன் என்று அவள் வீட்டுக்குப் போனேன். "ஊரறிய எடுத்தீங்க, ஊரறியக் குடுங்க" என்று கதவைச் சாத்தினாள்.

இப்போது ஆண்டு விழாவுக்கு எங்கள் இருவர் படத்தையும் போட்டு, 'கூட்டுத் தொழிலுக்கு எடுத்துக்காட்டு' என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். அந்த விழா மேடை ஏறி, நான் செய்ததை முதலில் நானே சொல்கிறேன். பங்கையும் அங்கேயே கொடுக்கிறேன். அடுத்து மைக் உங்களிடம் வரும். அவளை ஏன் ஒதுக்கச் சொன்னீர்கள்? அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள் சார்.