பத்துக் கயிறு தூரம்

பதினைந்து வயதில் என் அக்காவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். காரணம் அவளுடைய கட்டைவிரல்.

அப்போது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கூலி வேலைக்குப் போகிறவள். நடவு, களை, மரவள்ளி பிடுங்குவது என்று எது கிடைத்தாலும் செய்வாள். எனக்கு ஓட்டத்தைத் தவிர வேறெதுவும் உருப்படியாக வராது. கோபம் மட்டும் நன்றாக வரும்.

பி.டி. டீச்சர் பகுதி நேரம். வாரத்தில் மூன்று அரை நாள் வருவார். எங்கள் மைதானத்தில் அறுபது மீட்டர் ஓடினால் சத்துணவுக் கூடத்தின் சுவர் வந்துவிடும். கள்ளக்குறிச்சியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போவதாக ஒருநாள் அவர் சொன்னார். நூறு மீட்டரைப் பதின்மூன்று நொடிக்குள் ஓடினால் இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் நான் பரீட்சை முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். எங்கள் தெருப் பெண்களோடு என்னையும் அனுப்புவதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

"பத்து மீட்டர் கயிறு வாங்கி, ஏரியில பத்து தடவை போட்டுப் பாருங்கம்மா. நூறு மீட்டர் வந்துடும்," என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார். அம்மா கடையில் சரியாக அளந்து நைலான் கயிறு வாங்கி வந்தாள். களை எடுத்த சேறு சேலையிலிருந்து போவதற்குள் ஏரியில் இறங்கிவிட்டாள். தண்ணீர் வற்றித் தரை கட்டாந்தரையாகக் கிடந்தது. அக்கா கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், அம்மா மறுமுனையோடு நடந்தாள். நான் குனிந்து பாதையில் கிடந்த கருவேல முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "பத்து!" என்று அம்மா கத்தியதும் அக்கா அவளிடம் ஓடிப்போய் அங்கே முளை அடித்தாள். ஊரில் நெல் அளக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் அளந்தால் அளந்ததுதான், யாரும் மறுபடி எண்ணிப் பார்க்க மாட்டார்கள். நாங்களும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ஓட்டம். அக்கா முளையருகே நின்று செல்போனில் நேரம் எடுப்பாள். பதினான்கு. மறுநாளும் பதினான்கு. ஒரு மாதம் உயிரைக் கொடுத்து ஓடியும் பதின்மூன்றரைக்குக் கீழே இறங்கவில்லை.

"நீ லேட்டா அமுக்குற!"

"கோட்டுல உன் காலு பட்டதும் அமுக்குறன்டி. இன்னா பண்ணச் சொல்ற?"

"உன் கட்டவெரல்தான் தூங்குது."

அவள் போனை என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு நாள் நானே போனைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நேரம் இன்னும் மோசமாகத்தான் வந்தது. ஏரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் அழுதேன். மேற்கே கல்வராயன் மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அழுதால் எதிரில் வருகிறவர்களுக்கு முகம் தெரியாது.

விடுதிக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்துக்கு முந்தின நாள், போகமாட்டேன் என்றேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "டீச்சரு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க. பஸ்ஸு ஏறு. தோத்தா தோத்துட்டு வா, பூரி வாங்கித் தரேன்." அந்தப் பூரிக்காகத்தான் போனேன் என்று இன்றும் அக்கா கிண்டல் செய்கிறாள். பாதி உண்மை.

கள்ளக்குறிச்சியில் செம்மண் தடம், சுண்ணாம்புக் கோடு. எட்டுப் பெண்களில் ஷூ இல்லாமல் நின்றது நானும் இன்னொருத்தியும். விசில் ஊதியதும் ஓடினேன். எப்போதும்போல மூச்சை மிச்சம் வைத்து ஓடிக்கொண்டிருந்தபோதே காலடியில் வெள்ளைக் கோடு வந்து போனது. அதுதான் முடிவு என்று நான் நினைக்கவே இல்லை. அதே வேகத்தில் ஓடி, நடுவர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் போய் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. எழுந்து பார்த்தால் மூன்று பேர் ஸ்டாப்வாட்சை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். 12.6. பழைய மாவட்டச் சாதனை அதோடு போனது. அவர்களுக்கே நம்பிக்கை வராமல் டேப் கொண்டுவந்து தடத்தை மறுபடி அளந்தார்கள். நூறு மீட்டர் சரியாக இருந்தது.

விடுதியில் இடம் உறுதியானது. அம்மா பூரி வாங்கித் தந்தாள். டீச்சருக்கு மட்டும் பூரி இறங்கவில்லை. "இங்க இவ்வளவு ஓடுறவளுக்கு அங்க எப்படி பதினாலு வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதே டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். ஏரியில் அளந்தோம். நூற்றுப்பத்து மீட்டர்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம்.

"கணக்கு சரியாத்தாங்க இருக்கும்," என்றாள் அம்மா. "மொத கயிறு சாமிக்குப் போட்டன். அப்புறம் எண்ணி பத்து."

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்கால் சாமிக்கு. அதைத் தனியாகக் கொட்டி வைத்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும். மகள் ஓடப்போகும் தரையையும் அம்மா அப்படியே அளந்திருக்கிறாள். அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நீ தெனம் அழுதுகினு வந்தது என்னாலயாடி?"

எனக்கு நல்ல வார்த்தை உடனே வராது. அன்றைக்கு வந்தது. "அந்தக் கயிறு இல்லன்னா நான் ஜெயிச்சிருக்க மாட்டன்மா," என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. கடைசிப் பத்து மீட்டரில்தான் மற்றவர்கள் தளர்ந்தார்கள். எனக்கு அங்கே இன்னும் தூரம் மிச்சம் இருந்தது. பிறகு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கட்டைவிரலை நீட்டி, இதனிடம் கேள் என்றாள். கேட்டேன்.

இப்போது மாநில ஜூனியர் சாதனை என் பேரில் இருக்கிறது. செயற்கைத் தடத்தில், விலையுள்ள ஷூ போட்டு ஓடுகிறேன். யாரிடம் கற்றாய் என்று கேட்பவர்களிடம் டீச்சரைச் சொல்வேன், விடுதிப் பயிற்சியாளரைச் சொல்வேன். இருவருக்கும் நிறையவே கடமைப்பட்டிருக்கிறேன். கயிற்றைப் பற்றிச் சொன்னால் மட்டும் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

விடுமுறையில் நான் ஊருக்கு வரும்போது ஏரி வற்றியிருந்தால் அம்மா அதே கயிற்றை எடுத்துக்கொண்டு வருவாள். நூறு என்றால் எவ்வளவு என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முதல் கயிற்றைச் சாமிக்குப் போட்டுவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவாள். நான் அந்தச் சாமிக் கயிற்றுக்கும் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அக்கா போனை எடுக்கிறாள்.