வட்டி குறைந்தால் படலை தட்டும்

வங்கியில் நிலையான வைப்புப் பகுதியில் வேலை செய்கிறவளுக்கு, வட்டி குறைந்த செய்தி தலைமை அலுவலகத்திலிருந்து வருமுன்னமே வீட்டு வாசல் படலையிலிருந்து வந்துவிடும்.

பொழுது பட்ட பிறகு இரும்புப் படலையில் திறப்புக் கொத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். முதல் தடவை கேட்டபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் ஒளித்தேன். இவர், என் மனுசன், கப்பலில் வேலை. வீட்டில் நானும் இரண்டு வயது மகளும்தான். எங்கள் ஆட்களுக்குத் தங்கள் வைப்பு எவ்வளவென்று வங்கியில் பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. அங்கே சுகம் மட்டும் விசாரிப்பார்கள். காசுக் கதையை இருட்டின பிறகு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நானோ கன்னியர் மடத்தில் படித்தவள். பெரியவர்கள் வந்தால் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பத் தெரியாது. இதை வாசிக்கிற, இதே பகுதியில் வேலை செய்யும் உங்களில் பலருக்கும் இந்த வியாதி இருக்கும்.

இதற்குள் எனக்கும் ஒரு தலையிடி. என் தங்கக் காப்பு இரண்டையும் விற்று மகளுக்கென்று எங்கள் வங்கியில் போட்ட வைப்பு வருகிற கிழமை முதிர்கிறது. என் சம்பளம் வரி எல்லைக்கு எட்டாதது என்று எழுதிக் கொடுத்திருப்பதால் வட்டியில் வரி பிடிப்பதில்லை. ஆனால் வட்டியே விழுந்துவிட்டது. அப்படியே விடுவதா, வேறிடம் மாற்றுவதா?

தபாலதிபரின் பெருந்தன்மை

உடுப்பிட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வந்தார். வட்டியைக் குறைத்ததே நான்தான் என்பதுபோல் என்னைப் பார்த்தார். அதைக் கொழும்பில் முடிவெடுக்கிறார்கள், நாங்கள் பலகையில் எழுதுகிறவர்கள் மட்டுமே என்று விளக்கினேன். உங்கள் வைப்பு முதிர இன்னும் மாதங்கள் கிடக்கு, அதுவரை பழைய வட்டிதான், இடையில் முறித்தால் கிடைக்கிற வட்டியும் குறையும், புது இடத்தில் வரி விலக்குக்குத் திரும்பவும் எழுதிக் கொடுக்கவேணும், ஆனபடியால் அசைக்காதேங்கோ என்றேன். தலையாட்டிக்கொண்டே இரண்டு தேத்தண்ணி குடித்தார். அதற்குள் மகள் அழுது களைத்து நிலத்திலேயே நித்திரையாகிவிட்டாள். படலையடியில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் சரி பிள்ளை. முதிர்ந்த பிறகும் எனக்கு மட்டும் பழைய வட்டியைப் போட்டுவிடும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

ஒரே வளவு, இரண்டு வைப்பு

ஒரே வளவில் இரண்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள். முதலில் தங்கச்சிக்காரி வந்தா. கனடாவிலிருக்கும் மகன் அனுப்பிய காசு வைப்பில் கிடக்கிறதாம், அக்காவுக்கு மூச்சும் விடக்கூடாதாம். கதை பாதியில் நிற்கப் படலையில் மறுபடி அந்தச் சத்தம். யன்னலால் எட்டிப் பார்த்தவ, தேத்தண்ணிக் கோப்பையோடு என் குசினிக்குள் புகுந்துகொண்டா.

வந்தது அக்காக்காரி. அதே கேள்வி, அதே பயம். தங்கச்சிக்குத் தெரிந்தால் கைமாற்றுக் கேட்பாள், வாய் திறந்துவிடாதையும் என்று என்னிடம் சத்தியம் கேட்டா. ஒரு வீட்டுக்குள் இரண்டு இரகசியத்தையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு நான் வியர்த்தேன். இந்த வேலைக்கு வங்கி ஒரு சதமும் தருவதில்லை. அவ எழும்பி வெளியே போய், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தா. ஒரு சோடியைக் காலால் திருப்பிப் பார்த்தா. பிறகு குசினிப் பக்கம் திரும்பினா.

"தங்கச்சி, கதைச்சு முடிஞ்சால் வா. ரெண்டு பேரும் ஒரு ஓட்டோவிலை போவம்."

அத்தானின் கொம்பனி

மூன்றாவது ஆள் வெளியாள் இல்லை, இவரின் தமையன், எனக்கு அத்தான். நேற்று வந்தார். பட்டணத்தில் புதிதாகத் திறந்த ஏதோ கொம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார். மகளின் காசு முதிர்கிற நாள் அவருக்கு எப்படித் தெரியுமென்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். அங்கே வட்டி இரண்டு மடங்காம், வரியும் பிடிக்கமாட்டார்களாம். மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்றேன். மடத்தில் படித்த பெட்டையளுக்கு எல்லாத்துக்கும் முத்திரை வேணும் என்று சிரித்தார். தம்பி ஓமெண்டிட்டான், நாளைக்கு இருட்டினாப்போல கொம்பனி ஆளோடை வாறன், கையெழுத்தை மட்டும் வையும் என்றார். அவரைத் தேத்தண்ணியோடு இருத்திவிட்டு, அறைக்குள் போய் இவரோடு போனில் கதைத்தேன். இவர் சொன்னது வெறும் 'பாப்பம்'தான்.

ஒரு அவசரம் என்றால் இந்த வீட்டுக்கு ஓடி வரக்கூடிய ஒரே ஆண் அவர். அவரைப் பகைத்துக்கொண்டால் எனக்கு ஆர் இருக்கு? ஆனால் விற்றது என் காப்பு, அவருடைய கழுத்துச் சங்கிலி இல்லை. திரும்பி வந்து கேட்டேன், உங்கடை காசை எங்கை போட்டிருக்கிறியள் அத்தான் என்று. அவர் கண் வெட்டவில்லை.

"அது உம்மடை வங்கியிலைதான் கிடக்கு, சுபா. என்ரை காசெல்லோ, கவனமா இருக்கவேணும்."

இன்று காலை முதல் வேலையாக, மகளின் வைப்பு முதிர்ந்ததும் எங்கள் வங்கியிலேயே புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கப் படலையில் திறப்புச் சுரண்டுகிறது, கூடவே இன்னொருவரின் இருமலும் கேட்கிறது. வட்டி குறைந்தாலும் முதல் மிஞ்சட்டும் என்று, கதிரையும் போடாமல் தேத்தண்ணியும் வைக்காமல், பெரியவர்கள் வெளியே நிற்கும்போதே கதவை உட்பக்கமாகத் திறாங்கு போட்டுப் பூட்டினேன்.