முள் பாதியில் நின்றது

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எங்கள் ஊர்ப் பேருந்து கடந்துவரும் பழைய பாலத்தைச் சோதிக்க, பொறியாளராக என்னையே அனுப்பினார்கள். பெருமையாகத்தான் போனேன்.

மணல் லாரிகளைப் பாலத்தின் நடுவில் நிறுத்தினோம். பாலம் தாழ்வதைக் காட்ட அதன் அடியில் பொருத்தியிருந்த கருவியின் முள் நகர்ந்தது. லாரிகளை எடுத்து ஒரு நாள் காத்திருந்தோம். பாலம் நல்லதென்றால் முள் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்திருக்க வேண்டும். அது பாதியிலேயே நின்றிருந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அப்பா, "என்னத்தா, தாங்குமா?" என்றார்.

"தாங்காதுப்பா. பஸ்ஸ விடக்கூடாது."

"இதுக்காய்யா புள்ளைய இம்புட்டுப் படிக்க வச்ச?" என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "அப்ப சின்னவ பள்ளிக்கூடம்?"

என் தங்கை அந்தப் பேருந்தில்தான் அக்கரையிலிருந்த பள்ளிக்குப் போய்வந்தாள். பேருந்து அக்கரையோடு நின்றது. ஊரிலிருந்து பாலத்துக்கு ஆறு மைல். தங்கையைத் தனியாக நடக்கவிட அப்பா சம்மதிக்கவில்லை. என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் இருந்தது பெண்கள் விடுதியில். ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை. புதுப் பாலம் கட்டி முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பாலத்தின் திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை.