ஒரு சாண் பச்சை ஒயர்

பாலிடெக்னிக்கில் நான் எடுக்கும் பாடம் எர்த்திங், அதாவது கருவிகளின் இரும்பு உடம்பை ஒயரால் மண்ணோடு இணைப்பது. பல வருடங்களாக ஒரே கேள்வியைத் தேர்வில் கேட்டு வருகிறேன்: நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டு போர்டில் ஏன் இணைக்கக் கூடாது? தப்பாக எழுதுகிறவனுக்கு அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை. கஞ்சப் பிசினாறி என்று பையன்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வரும். வரட்டும் என்று இருப்பேன்.

என் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. மாடியில் நான் தனி. கீழே குடியிருந்தது கோவளத்துப் பக்கத்துக் குடும்பம். அக்கா மீன் எடுத்துவந்து பெருங்களத்தூரில் விற்பாள். அவள் கணவரை அண்ணன் என்பேன்; ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவர்களுக்கு ஒரு மகள். விற்காத மீனை வைக்க அண்ணன் ஒரு பழைய ஃப்ரீசரை எங்கிருந்தோ பிடித்து வந்து பின்பக்கம் போட்டிருந்தார். அந்தப் பெட்டியின் மேல் அக்காவுக்கு அப்படி ஒரு பெருமை.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல். மாடியில் விளக்கு கண்ணைப் பறித்தது, மின்விசிறி பேயாய்ச் சுற்றியது. கீழே பல்பு அழுது வடிந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு வருவது மூன்று ஃபேஸ். மாடிக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று, மோட்டாருக்கு மூன்றும். வந்த மின்சாரம் திரும்பிப் போகும் பொதுவழிதான் நியூட்ரல். அது அறுந்தால் ஒரு வீட்டுக்கு அதிகம், இன்னொரு வீட்டுக்குக் குறைச்சல். மெயினை அணைத்துவிட்டுப் புகார் சொன்னேன். "மழை மேடம், லேட்டாகும்" என்றார்கள்.

அக்கா படியேறி வந்து நின்றாள்.

"இன்னா டீச்சர், கரெண்ட் எப்ப வரும்? பொட்டி நெறைய வஞ்சிரம் கீது. நாளைக்கு ஒரு விசேச வூட்டுக்குக் குடுக்கணும். எல்லாம் நாறிப் பூடும். கரெண்ட் பாடம் எடுக்குறவ நீ, உன்னால ஒண்ணும் பண்ண முடியாதா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. பொம்பளைக்குக் கரெண்ட் வேலை எதற்கு என்று கேட்டுக் கேட்டே என்னை வளர்த்தார்கள். டெஸ்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு சாண் பச்சை ஒயரை வெட்டி, போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்தேன். இனி நியூட்ரலின் வேலையை எர்த் குழி பார்த்துக்கொள்ளும். மழையில் ஊறிய மண், மின்சாரம் ஒழுங்காக உள்ளே இறங்கியது. மெயினைப் போட்டதும் ஃப்ரீசர் உறுமியது. அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஊருக்குத்தான் உபதேசம். ஒரு மணி நேரத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

சாயங்காலம் லைன்மேன் வந்து கம்பத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். நான் ஒயரைக் கழற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இரண்டு முறை நினைவு வந்தது. ஒரு முறை திருத்த விடைத்தாள் இருந்தது, இன்னொரு முறை வெறும் சோம்பல். நியூட்ரல்தான் வந்துவிட்டதே, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டேன்.

அப்புறம் எப்போதோ நியூட்ரல் மறுபடி அறுந்திருக்கிறது. எந்த நாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஒயர் இருந்ததால் ஒரு விளக்குகூட மினுங்கிக் காட்டிக்கொடுக்கவில்லை. மாசி, பங்குனி போய், ஏரி வற்றி, குழி மண் பாளமாய்க் காய்ந்தது. காய்ந்த மண் வாங்க மறுத்த மின்சாரம், எர்த் ஒயர் வழியாகவே திரும்பி வந்து வீட்டிலிருந்த ஒவ்வொரு இரும்பிலும் ஏறி நின்றது. மாடியில் என் மின்விசிறி கொஞ்சம் வேகமாக ஓடியது. சித்திரை வெயிலில் அதற்கு யார் குறை சொல்வார்கள்? நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் காலையில் அக்கா மீன் கூடைகளைக் கழுவிவிட்டு, ஈரக் கையும் வெறுங்காலுமாகப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். அவ்வளவுதான்.

பாலிடெக்னிக்குக்கு ஃபோன் வந்து நான் ஓடிவருவதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேரே போர்டுக்குப் போனேன். தெரு ஆட்கள் மெயினை அணைத்திருந்தார்கள். சோதித்தேன். நியூட்ரல் இல்லை. ஒயரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்தக் கையைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி ஃப்ரீசரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே டேப் சுற்றிய ஒட்டு ஒயர்கள். பழைய பெட்டி, கசிவு என்று எழுதிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தலையாட்டினேன்.

காரியம் முடிந்ததும் அண்ணன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கீழ்க்கட்டளைக்குக் குடிபோனார். போகிற அன்று ஃப்ரீசரை வாசலில் இழுத்துப் போட்டுச் சம்மட்டியால் அடித்தார். நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு அடியையும் கேட்டேன். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை கீழ்க்கட்டளைக்குக் கிளம்பினேன். மூன்று முறையும் பாதி வழியில், பல்லாவரத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன். வேலை போய்விடும், போலீஸ் வரும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைவிட, அவர் முகம் மாறுவதை நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போன மாதம் அவரே கூப்பிட்டார்.

"மவளுக்கு வாஷிங் மெஷின் வாங்கிகீறேன் டீச்சர். புத்சு. நீ ஒரு தபா வந்து எர்த்து கிர்த்தெல்லாம் பாத்துட்டுப் போயேன். வேற யாரையும் நம்ப பயமா கீது."

போனேன். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அளந்தால் யாருக்கும் நல்ல அளவு கிடைக்கும். நான் காய்ந்தபடியே அளந்தேன். போர்டைத் திறந்து நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாக இருப்பதை இரண்டு முறை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மடியில் கைப்பை, அதற்குள் அந்தப் பச்சை ஒயர்.

அண்ணன் டீயை வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பழ்சா பாத்து வாங்கியாந்தேன் பாரு அந்தப் பொட்டிய... அதாலதானே அவ பூட்டா? நீ பட்ச்சவ டீச்சர். உண்மைய சொல்லு, நான்தானே கொன்னேன்?"

தவறான விடைக்கு நான் அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை.

"பெட்டியாலதாண்ணா" என்றேன்.