ஏரியா ரேட்

“வெளியில விசாரிச்சுக்கினு வாங்கம்மா. இந்த ஏரியாவுல அக்கவுன்டன்ட்டுக்கு இன்னா ரேட்டோ, அதுக்கு ஒரு ரூபா கம்மியா நான் குடுத்தா அப்ப கேளுங்க.”

சம்பளம் கூட்டிக் கேட்டபோது முதலாளி சொன்ன பதில் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் தனி ஆளாகக் கணக்கு பார்த்தேன். பேரோல், பி.எஃப்., ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், ஆடிட்டர் கேட்கும் குப்பை எல்லாம் என் தலையில். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. போகும்போது தரும் கிராஜுவிட்டி கடைசி பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் வரும். எத்தனையோ பேருக்கு அதைப் போட்டுக் கொடுத்தவளுக்குத் தன் கணக்கு தெரியாதா? பேசிக் ஏறாவிட்டால், மீஞ்சூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிற நான் கடைசியில் மகள் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அவளே மாமியார் கையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முதலாளி சொன்னதை நிஜமாகவே நம்பி விசாரிக்கக் கிளம்பினேன். ரிட்டர்ன் போடும் கடைசி நாளில் ஜி.எஸ்.டி. போர்ட்டல் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சிப்காட் அக்கவுன்டன்ட்டுகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் புலம்புவோம். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் பதில் வரும்.

கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். “எவ்வளவு வாங்குறீங்க” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஒருவர் கைக்கு வருவதைச் சொல்வார், இன்னொருவர் கம்பெனி கட்டும் பி.எஃப்.ஐயும் சேர்த்துச் சொல்வார். பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, ரிட்டர்ன் போடுவது அவரா ஆடிட்டர் ஆபீசா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

முதலில் எளாவூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்த பாஸ்கரைக் கேட்டேன். என்னைவிடக் குறைவு. ஏன் கூட்டிக் கேட்கவில்லை என்றேன்.

“கேக்காம இருப்பனா மேடம்? டப்பு ஏத்துங்கன்னு வாயெடுத்தாலே எங்க ஓனர் உங்களைத்தான் இழுப்பாரு. ‘ஃபவுண்டரியில அந்தம்மா எல்லா வேலையும் ஒண்டியா பாக்குது, அதுக்கே இவ்ளோதான், உனுக்கு இன்னா?’ன்றாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ரயிலில் ரேவதியைக் கேட்டேன். பக்கத்துத் தெரு ஃபோர்ஜிங் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள், தினமும் லேடீஸ் பெட்டியில் என்னோடு வருவாள். அவளுக்கும் குறைவுதான்.

“எங்க கம்பெனியிலயும் இதே பேஜாருதான்க்கா. கேட்டா, ‘அந்த மேடத்துக்கே இவ்ளோதான்’றாங்க. எந்த மேடம்னு உங்களாண்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது இதையெல்லாம் பேசிக்கொள்வார்கள் என்று அவள்தான் சொன்னாள். நான் தேடிப் போன ஏரியா ரேட் என் சம்பளம்தான். வாய் திறக்காமல் வேலை பார்க்கிறவள் என்று எனக்கு இருந்த நல்ல பெயரை வைத்து இத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறார்கள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

முதலாளி அறைக்குப் போனேன்.

“இன்னாம்மா, விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சேன் சார். எல்லாருக்கும் என்னைவிடக் கம்மிதான். என்னைக் காட்டித்தான் அவங்களுக்கும் கம்மியா குடுக்குறாங்க.”

“பாத்தீங்களா, நீங்கதான் டாப்பு.” நான் சொன்னதில் பாதிதான் அவர் காதில் ஏறியது. “சரி, கேட்டுட்டீங்க. கன்வேயன்ஸ்ல ஆயிரம் சேத்துப் போட்டுக்கங்க.”

“பேசிக்ல போட்டா நல்லா இருக்கும் சார்.”

“பேசிக்ல கை வெச்சா எல்லாம் ஏறுமேம்மா. உங்களுக்குத் தெரியாததா?”

தெரிந்ததுதான். கன்வேயன்ஸ் வெறும் போக்குவரத்துப் படி, கிராஜுவிட்டிக் கணக்கில் வராது. அந்த மாதப் பேரோலில் அந்த ஆயிரத்தை நானேதான் ஏற்றினேன்.

கணக்கு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஊர் ரேட்டை விசாரியுங்கள். உங்கள் சம்பளத்தைக் காட்டி யாருக்குக் குறைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வேலைக்காலம் முழுதும் போயிற்று.

அடுத்த மாதம் ரயிலில் பக்கத்தில் இடம் இருந்தும் ரேவதி உட்காரவில்லை.

“அக்கா, உங்களுக்கு ஆயிரம்தானாமே. அதைச் சொல்லி எனக்கு ஐநூறோட நிறுத்திட்டாங்க. இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கக் கூடாதா?”