முகமூடி உனக்கு, முகம் எனக்கு

என் முகத்தைக் காட்டிக்கொடுத்தவன் நீ. நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் படக்கதை வரைந்தாயே, அதில்தான் காட்டிக்கொடுத்தாய்.

பிரெஞ்சுக்காரன் போவதற்குச் சில மாதங்கள் முன்பு. வில்லியனூர்ப் பக்கம் நம் ஊர் இன்னும் அவன் கையில் இருந்தது. இந்தியாவோடு சேர வேண்டும் என்ற நோட்டீஸ் கட்டுகளை எல்லை தாண்டிக் கொண்டுவருவது நம் இரண்டு பேர் வேலை. சைக்கிள் மிதிப்பவன் நான், கேரியரில் உட்கார்ந்து வருபவன் நீ. பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்ற பெரிய வீட்டின் அடியாட்களிடம் சிக்கினால் கை கால் மிஞ்சாது.

அந்த நேரத்தில் உனக்குப் படக்கதை வரையத் தோன்றியது. முகமூடிக்காரன் ஒருவன் நோட்டீஸ் கட்டோடு முள்கம்பி வேலிக்கு மேலே பறக்கிறான். அவனுடைய எடுபிடி கம்பிக்குக் கீழே நுழைகிறான். வேட்டி கம்பியில் மாட்டிக்கொள்கிறது, மிச்சத்தை நாய் இழுக்கிறது. எடுபிடிக்கு என் தெற்றுப்பல், என் புருவத் தழும்பு, மட்கார்டு இல்லாத என் சைக்கிள். பறக்கிறவனுக்குத் தாடை வரை துணி.

முதலில் நானும் சிரித்தேன். பிறகுதான் என் முகம் மட்டும் திறந்திருப்பதைக் கவனித்தேன்.

"எனக்கு ஏன்டா முகமூடி இல்ல?"

"எடுபிடிக்கு எதுக்குப்பா அதெல்லாம்? அவன் மூஞ்சியப் பாத்துதான சிரிக்கணும்."

"வெளிய வுடாதடா."

"காலைலயே போயிடுச்சே."

இருந்தது ஒரே பிரதி. அது வீடு வீடாகக் கைமாறிப் போகும். இன்று யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சல் என்று நினைத்துத் திருநீறு பூசினாள்.

மாடு சுற்றும் கரும்பு ஆலையில் உருளைகளுக்கு நடுவே கரும்புக் கழி கொடுத்துக்கொண்டிருந்தபோது, பெரிய வீட்டு ஆட்கள் மூன்று பேர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். மூத்தவன் கையில் பத்திரிகை. படத்தை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

"பல்லு அப்டியே கீது பாரு. முகமூடி யாருடா?"

"தெர்லண்ணே."

ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்து உருளைக்குப் பக்கத்தில் வைத்தான். இன்னொருவன் மாட்டின் வாலைப் பிடித்தான். மாடு ஒரு எட்டு வைத்தது. என் விரல் நுனியில் சாறு பட்டது. உன் பெயர் நாக்கு வரை வந்தது. நான் சொல்லவில்லை. வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டது.

மூத்தவன் அதைப் பார்த்தான். படத்தையும் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"வுட்றா, இவனுக்கு ஒண்ணும் தெரியாது. எவனோ கோமாளியா வச்சினு சுத்தறான்."

போய்விட்டார்கள். அதற்குப் பிறகும், கொடி மாறிய பிறகும்கூட, என் வீட்டுப் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் நான் பின்கட்டுக்கு ஓடியிருக்கிறேன்.

உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "கோமாளியா வரைஞ்சதாலதான்பா உன்ன வுட்டாங்க. நான்தான் உன்னக் காப்பாத்தினேன்." அதையே இப்போது மேடையிலும் சொல்லி மாலை வாங்குகிறாய். படக்கதையை அச்சுக்கும் கொடுக்கப் போகிறாயாம்.

கொடு. அதற்கு முன் படிப்பகத்து வாசலில் ஊரைக் கூட்டு. நானும் வருகிறேன். காப்பாற்றத்தான் வரைந்தாய் என்றால், துணியை உன் முகத்தில் கட்டி என் முகத்தை ஏன் திறந்து வைத்தாய்? மைக் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்.